மறு: ராக்கெட் நேரலையைப் பாதியில் நிறுத்துவதற்குத் தமிழில் என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

ராக்கெட் ஏவும் நேரலையைச் சில சமயம் வேண்டுமென்றே பாதியில் நிறுத்துகிறார்களே, அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'இருட்டடிப்பு' ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு குற்றச்சாட்டு உட்கார்ந்திருக்கிறது. தங்கள் மாநாட்டுச் செய்தியைப் போடாத பத்திரிகையைக் கட்சிக்காரர்கள் திட்டும்போது வருகிற சொல் அது. ராக்கெட் விஷயத்தில் யார் நிறுத்தினார்கள், எதற்கு நிறுத்தினார்கள் என்று தெரிவதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடும்.

> அப்படியானால் 'படைத்தள ஒளிபரப்புக் கட்டுப்பாடு'?

இடத்தைச் சொல்லில் நுழைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2018 மார்ச் 30 அன்று கலிபோர்னியாவின் வாண்டன்பெர்க் விமானப்படைத் தளத்திலிருந்து ஃபால்கன் 9 ராக்கெட், பத்து இரிடியம் செயற்கைக்கோள்களோடு கிளம்பியது. சுமார் ஒன்பதாவது நிமிடத்தில் மேல் கட்டத்தின் (கீழ்க்கட்டம் கழன்ற பிறகு கலத்தைச் சுமந்து போகும் பகுதி) படத்தை நிறுத்திவிட்டார்கள். படைத்தளம் என்றதும் ராணுவ ரகசியம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இரிடியம், செயற்கைக்கோள் வழியாகத் தொலைபேசிச் சேவை நடத்தும் தனியார் நிறுவனம். நிறுத்தியதற்குக் காரணம் நோவா, அதாவது அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வுத் துறை. நேரலையில் பேசியவரே அதைச் சொன்னார். விண்வெளியிலிருந்து பூமியைப் படமெடுக்கும் தனியார் கருவிக்கு உரிமம் வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. ராக்கெட்டில் ஒட்டியிருக்கும் கேமராவிலும் பூமி தெரிகிறதே என்று அதற்கும் அந்தச் சட்டத்தைப் பொருத்திவிட்டார்கள். (சிரிப்பு வரத்தான் செய்கிறது. 2020-ல் வந்த புதிய விதிகளில், ராக்கெட்டின் நலம் பார்க்க வைக்கும் கேமராக்களுக்கு விலக்கு கொடுத்தார்கள்.)

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2017 மே 1 அன்று என்.ஆர்.ஓ. எனப்படும் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் அமைப்பின் கலம் ஒன்று கிளம்பியது. அது கிளம்பிய இடம் படைத்தளம் அல்ல, நாசாவின் கென்னடி மையம். அங்கேதான் உண்மையான மறைப்பு நடந்தது. கட்டங்கள் பிரிந்ததும் மேல் கட்டத்தை அடியோடு விட்டுவிட்டு, கீழ்க்கட்டத்தை மட்டும் காட்டினார்கள். வழக்கமாகத் திரை இரண்டாகப் பிரிந்து இரண்டும் ஓடும். அன்று காட்ட வேறு எதுவும் இல்லாததால், கீழ்க்கட்டம் மேலே போய்த் திரும்பி, வாயுவைப் பீச்சித் தன் வாலைச் சுழற்றி, தரையில் வந்து நிற்பது வரை தரைக் கேமராக்கள் விடாமல் பின்தொடர்ந்தன. ரகசியத்தின் புண்ணியத்தில் கிடைத்த அருமையான காட்சி அது.

ஏன் மேல் கட்டம் மட்டும்? ஏவுதலையே மறைக்க முடியாது. 2017 டிசம்பர் 22 மாலை வாண்டன்பெர்க்கில் ஏவிய ராக்கெட்டின் புகைவாலை லாஸ் ஏஞ்சலஸ் ஊரே தெருவில் நின்று பார்த்தது, பறக்கும் தட்டு என்று பயந்தவர்களும் உண்டு. மேல் கட்ட எஞ்சின் எத்தனை நிமிடம் எரிந்தது, எப்போது அணைந்தது, அப்போது வேகமும் உயரமும் என்ன என்பவைதான் விஷயம். திரையின் ஓரத்தில் ஓடும் அந்த எண்களைக் குறித்துக்கொண்டால் சுற்றுப்பாதையை வீட்டிலிருந்தே கணக்குப் போடலாம். அதனால்தான் அட்லஸ், டெல்டா ராக்கெட்டுகளிலும் உளவுக் கலம் போகும்போது, வெப்பக் கவசம் (ராக்கெட்டின் நுனியில் கலத்தை மூடியிருக்கும் கூடு) கழன்றதும் நேரலையை முடித்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. இதில் எவ்வளவு பயன் என்பது வேறு கேள்வி. கப்பல்களையும் விமானங்களையும் விலகிப் போகச் சொல்லும் அறிவிப்பிலேயே ராக்கெட் போகும் திசை தெரிந்துவிடுகிறது. பொழுதுபோக்காக வானம் பார்க்கிறவர்கள் அப்புறம் கலத்தையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மேலே சொன்ன 2017 கலத்தையும் அப்படித்தான் பிடித்தார்கள்.

ஆக, படைத்தளத்தில் ரகசியம் இல்லாமல் நின்றிருக்கிறது, நாசா மையத்தில் ரகசியத்துக்காக நின்றிருக்கிறது. காரணத்தையும் இடத்தையும் சொல்லில் ஏற்றாமல், நடப்பதை மட்டும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

> 'திரையிடல்' நன்றாக இருக்கும்: திரை போட்டு மூடுவது.

ஐயா, திரையரங்கில் படம் ஓட்டுவதற்கு அந்தச் சொல் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. 'உளவுக் கலத்தைத் திரையிட்டார்கள்' என்றால் டிக்கெட் எங்கே என்று கேட்பார்கள்.

'துண்டிப்பு' பழுதுக்கு ஆகும். கலத்திலிருந்து சமிக்ஞை வராமல் போவது வேறு, வந்துகொண்டிருக்கும் படத்தை வெளியே விடாமல் இருப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால், ராக்கெட் வெடித்துவிட்டதோ என்று வாசகர் பதறுவார். 'நேரலை நிறுத்தம்' பரவாயில்லை. ஆனால் முன்கூட்டியே தீர்மானித்தது என்ற பொருள் அதில் வரவில்லை.

என் பரிந்துரை: முழு ஏற்பாட்டுக்கு 'வரம்பிட்ட நேரலை', படம் நிற்கும் இடத்துக்கு 'நேரலை வரம்பு'. சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன்: 'இந்த ஏவுதலுக்கு வரம்பிட்ட நேரலைதான்.' 'வெப்பக் கவசம் பிரிவதே நேரலை வரம்பு.' 'உரிமச் சிக்கலால் ஒன்பதாம் நிமிடத்தில் வரம்பிட்டார்கள்.' மூன்றாவது கொஞ்சம் இடறுகிறது, நல்ல வினை கிடைத்தால் சொல்லுங்கள்.

ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் ஏவுதளம் இதில் அடங்காது. அங்கே ராணுவ ஏவுதல் முடிந்த பிறகு பாதுகாப்பு அமைச்சகம் வெட்டி ஒட்டிய சிறு காணொளியை வெளியிடும். நேரலையே இல்லாதபோது வரம்பு எங்கிருந்து வரும்? அதற்கு 'பின்வெளியீடு' என்று தனிப் பதிவாகப் போடலாம் என்று நினைக்கிறேன்.