கூரை போட்ட மரப் பாலம்: எங்கே உளுத்துப்போகும், எதைப் பார்க்கணும் (அஷ்டபுலா கவுண்டி, ஒஹாயோ மாநிலம், அமெரிக்கா)

பாலத்துக்குக் கூரை எதற்கு என்று கேட்டால் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கவும் குதிரை மிரளாமல் இருக்கவும் என்பார்கள். உண்மையில், இரண்டு பக்கமும் நின்று பாரத்தைத் தாங்குகிற மர டிரஸ்ஸுக்கு (சட்டகத்துக்கு) அது ஒரு குடை, அவ்வளவுதான். வெட்டவெளியில் 10, 15 வருஷத்தில் இற்றுப்போகும் மரம், மேலே கூரையும் பக்கத்தில் பலகையும் இருந்தால் நூறு வருஷம் தாண்டுகிறது. ஹார்பர்ஸ்ஃபீல்ட் பாலம் 1868இல் கட்டியது, 228 அடி. 1913 வெள்ளம் பாலத்தை விட்டுவிட்டு வடகரையை அடித்துக்கொண்டு போனது. அந்த இடைவெளிக்கு ஓர் இரும்புப் பாலத்தை ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பாலங்களைப் பார்க்கப் போனால் அண்ணாந்து கூரையைப் பார்க்காதீர்கள். முதலில் நாலு மூலைக்கும் போங்கள். கீழ்த்தூலம் கரையிலுள்ள கல்கட்டின் மேல் உட்காரும் இடம்தான் முதலில் போகும். சக்கரம் இழுத்துவரும் மண், ஜல்லி, சருகு எல்லாம் அங்கே சேர்ந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை தலைகாட்டாது. 28, 30ஐத் தாண்டி அப்படியே நின்றால் உளுப்பு நிச்சயம். குத்தூசியைச் சாய்வாகக் குத்திப் பெயர்த்துப் பாருங்கள். நல்ல மரம் நீளச் சிம்பாகக் கிழியும். உளுத்த மரம் ரஸ்க் மாதிரி சின்னத் துண்டாக ஒடியும். பிறகு சுத்தியலால் ஒரு தட்டு: உள்ளே கூடாகிவிட்டதென்றால் சத்தம் பொத்தென்று வரும். வருஷத்துக்கு இரண்டு முறை மூலைகளைக் கூட்டித் தள்ளினாலே பாதி வியாதி அண்டாது. யாரும் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

*

மேலே சொன்ன மூலை விஷயம் லாட்டிஸ் பாலத்தில் இன்னும் மோசம். இத்தியெல் டவுன் 1820இல் காப்புரிமை வாங்கிய முறை அது. (டவுன் என்பது ஆள் பெயர். அடிக்கு ஒரு டாலர் ராயல்டி வசூலித்தவர்.) பெரிய தூலமே தேவையில்லை, சுமார் 3 அங்குலக் கனமுள்ள பலகைகளைக் குறுக்கும் மறுக்குமாகப் பின்னி, ஒவ்வொரு சந்திப்பிலும் துளைபோட்டு ஓக் மர முளை அடிப்பார்கள். 1873இல் கட்டிய ஆலின் பாலம் இந்த வகை.

பின்னல் பலகைகளின் நுனி கீழ்த்தூலத்துக்கும் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டுமுகம் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரை உறிஞ்சும். உளுப்பு அங்கிருந்து ஏறி முளைத் துளையைத் தொட்டுவிட்டால் பிடிப்பு போச்சு, பாலம் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும். முளை மாற்றும்போது பச்சை மரத்தில் செய்துவிடுவது வழக்கமான தப்பு. முளை நன்றாகக் காய்ந்திருக்கணும், பலகையைவிடக் காய்ந்திருந்தால் இன்னும் நல்லது. பிறகு ஈரம் குடித்து உப்பி இறுகும். பச்சை முளை சுருங்கி ஆடிப்போகும்.

*

ஹாவ் டிரஸ் (1840 காப்புரிமை) வேறு ஜாதி. சாய்வுமரம் அழுத்தத்தைத் தாங்கும். நெட்டுக்குத்தாக ஓடும் இரும்புக் கம்பி இழுவையைத் தாங்கும், அதன் முனையில் நட்டு. ஹார்பர்ஸ்ஃபீல்ட் பாலமும் மிடில் ரோடு பாலமும் இந்த வகைதான். மரம் சுருங்கச் சுருங்க நட்டு தளரும். வண்டி ஏறும்போது சாய்வுமரம் லொடலொடவென்று பேசும். அந்தச் சத்தம் கேட்டவுடன் ஸ்பேனரை எடுத்து ஒரே நட்டை முடுக்கக் கூடாது. அந்தக் கட்டம் (கம்பிக்கும் கம்பிக்கும் இடைப்பட்ட பகுதி) மேலே எழும்பும், பக்கத்துக் கட்டத்தின் சாய்வுமரம் தளர்ந்துவிடும். நடுவிலிருந்து இரு முனைக்கும், இரண்டு டிரஸ்ஸிலும் ஒரே மாதிரி, கால் சுற்று கால் சுற்றாகப் போகணும். மரம் ஈரத்தில் உப்பியிருக்கும்போது முடுக்கினால் வெயில் காலத்தில் மறுபடி அதே கதை. வேலைக்கு முன்பும் பின்பும் கீழ்த்தூலம் நெடுக நூல் கட்டிப் பாருங்கள். நடுப்பகுதி நூலுக்கு மேலே வில்லாக நிற்கணும். நூலுக்குக் கீழே தொங்கினால் நட்டு முடுக்கித் தீராது, உள்ளே எங்கேயோ தூல இணைப்பு நழுவியிருக்கிறது.

*

புதிதாகக் கட்டியதைச் சொல்லாமல் விட்டால் எப்படி? கவுண்டி இன்ஜினியராக இருந்த ஜான் ஸ்மோலன் இங்கே புதுக் கூரைப் பாலங்களை வடிவமைத்தவர். பனிக்குக் கொட்டும் உப்பு இரும்பையும் கான்கிரீட்டுக் கம்பியையும் அரிக்கும், மரத்தை அந்த அளவுக்குப் பாதிக்காது என்பது அவருடைய கணக்கு. 1983இல் ஸ்டேட் ரோடு பாலம், 152 அடி, பழைய லாட்டிஸ் முறையிலேயே. 2008இல் ஸ்மோலன்-கல்ஃப்: 613 அடி, ஆற்றுக்கு மேல் 93 அடி உயரம், பிராட் என்கிற இன்னொரு வகை டிரஸ், அமெரிக்காவிலேயே நீளமான கூரைப் பாலம். சட்டம் அனுமதிக்கும் முழு எடை லாரி போகலாம். ஆனாலும் உப்புத் தண்ணீர் போல்ட்டையும் இணைப்புத் தகட்டையும் விடாது. மரம் தப்பித்தது என்று இரும்பை மறந்துவிட வேண்டாம்.

*

லாரிக்காரர்கள் பார்வைக்கு: ஒஹாயோவில் வண்டி உயரம் 13 அடி 6 அங்குலம் வரை போகலாம். பழைய பாலங்கள் பலவற்றின் நுழைவாயில் அதைவிடத் தாழ்வு. ஜிபிஎஸ் காருக்கான வழியைக் காட்டினால் நேராகக் கூரைக் கைமரத்தில்தான் போய் முட்டும். முட்டிய பிறகு வண்டியை அப்படியே பின்னால் எடுக்காதீர்கள். சிக்கிய கைமரம் இன்னும் நாலைச் சேர்த்து இழுத்துவரும். முதலில் டயரில் காற்றை இறக்கணும்.

இதே கவுண்டியில் உள்ள ஜெனிவா ஊரில் 2011இல் கட்டிய வெஸ்ட் லிபர்ட்டி பாலம் வெறும் 18 அடி. காரின் முன்சக்கரம் வெளியே வரும்போது பின்சக்கரம் பாலத்தின் நடுவில்தான் இருக்கும்.