போனில் சாஃப்ட்வேர் ஏற்றும்போது (ஃப்ளாஷ்) எரர் வந்தால் கேபிளை மாத்தறதா, ஃபைலை மாத்தறதா? உங்க அனுபவம் சொல்லுங்க

போர்டுவாசி:
லோகோவிலேயே நிற்கும் மீடியாடெக் சிப் போன் ஒன்று கைக்கு வந்தது. மீடியாடெக் போனுக்கு சாஃப்ட்வேர் ஏற்றும் எஸ்.பி. ஃப்ளாஷ் டூலில், எது எங்கே ஏற வேண்டும் என்று சொல்லும் ஸ்கேட்டர் ஃபைலைக் கொடுத்து இணைத்ததும் "ஸ்டேட்டஸ் செக் ஆத் ஃபைல் நீடட்" (அனுமதி ஃபைல், அதாவது ஆத் ஃபைல் வேண்டும்) என்று நின்றுவிட்டது. டிரைவரை மாத்து, கேபிளை மாத்து என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கேபிள் கோளாறு என்றால் ஒருமுறை பாதியில் அறும், மறுமுறை முடியும் தறுவாயில் அறும். இதுவோ எத்தனை முறை செருகினாலும் முதல் நொடியிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

போன் ஆன் ஆனதும் முதலில் ஓடும் புரோகிராமான பூட் ரோம் சிப்புக்குள்ளேயே பொதிந்தது. யாரும் அதைத் திருத்த முடியாது. செக்யூர் பூட் (அனுமதி பெற்ற சாஃப்ட்வேரை மட்டும் ஓடவிடும் பூட்டு) போட்ட போனில், ஆத் ஃபைல் வழியாக அனுமதி பெறாமல், ஃப்ளாஷ் வேலையைச் செய்யும் டவுன்லோட் ஏஜென்ட் புரோகிராமை அது உள்ளே விடாது. அந்த ஃபைலைத் தயாரிப்பாளர்கள் வெளியே கொடுப்பதில்லை. சர்வீஸ் சென்டரில் கொடுத்துத்தான் வேலை முடிந்தது. (எல்லா மாடலுக்கும் ஒரே ஆத் ஃபைல் என்று விற்பவர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.)

சஹாராக்காரன்:
அண்ணே, நம்ம கேஸ் குவால்காம். கம்ப்யூட்டர்ல 9008 போர்ட் (போன் அவசர ஃப்ளாஷ் மோடான ஈ.டி.எல்.ல இருக்குன்னு அர்த்தம்) வந்துது, உடனே சஹாரா ஃபெயில், அதாவது போனும் டூலும் முதல்ல பேசிக்கிற கட்டமே தோத்துப்போச்சு. இதுல ரெண்டு விதம் இருக்கு. போன் முதல்ல அனுப்புற ஹலோ செய்தியை டூல் தவறவிட்டாலும் இதே எரர்தான். அப்படின்னா கழட்டி, மறுபடி ஈ.டி.எல். மோடுக்குக் கொண்டுவந்தா சரியாகிடும். எனக்கு ஆகலை. நான் கொடுத்த ஃபயர்ஹோஸ் ஃபைல் (குவால்காம் போன்ல ஃப்ளாஷ் வேலையைச் செய்யுற புரோகிராம்) அதே சிப் உள்ள வேற கம்பெனி போனோடது. ஃபைலோட கையொப்பத்தைச் சரிபார்க்க, சிப்புல மாத்த முடியாதபடி ஃபியூஸ்ல எரிச்சு வெச்சிருக்கிற சாவியோட ஹாஷ் (சுருக்க அடையாளம்) கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிப் ஒண்ணா இருந்து என்ன பிரயோஜனம்? அதே மாடலோட ஃபர்ம்வேர்ல இருந்த ஃபைலைப் போட்டேன், ஏத்துக்கிச்சு.

போர்டுவாசி:
சரிதான் தம்பி. கையொப்பம் சரியாக இருந்தும் தள்ளுவது ஒன்று உண்டு: ரோல்பேக் தடை, அதாவது பழைய சாஃப்ட்வேருக்குத் திரும்ப விடாத தடை. சாம்சங்கில் ஓடின் (சாம்சங் ஃப்ளாஷ் டூல்) நின்றதும் போன் திரையில் "ரெவ் செக் ஃபெயில், டிவைஸ் 5, பைனரி 4" என்கிற மாதிரி வரும். போனில் 5, நாம் ஏற்றுவது 4, பழசு ஏறாது. ஃபர்ம்வேரின் பில்ட் எண்ணில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்துதான் இந்த எண்; அதைப் பார்த்துவிட்டு டவுன்லோட் செய்தால் நேரம் மிச்சம்.

புதுசு:
சார், எரர் வந்தா ஃப்ளாஷ் டூல்ல எல்லாத்தையும் அழிக்கிற ஃபார்மட் ஆல் போட்டுப் பார்க்கலாமா?

போர்டுவாசி:
வேண்டவே வேண்டாம். ஆத் எரரை அது தீர்க்காது. ஃபார்மட்டை ஏற்கும் போனில் போட்டால், போனின் அடையாள விவரங்கள் இருக்கும் என்வி ரேமும் அழிந்து, ஐ.எம்.இ.ஐ. எண் போய், சிம் போட்டாலும் நெட்வொர்க் வராது. அழிக்காமல் ஏற்ற மட்டும் செய்யும் டவுன்லோட் ஒன்லி மட்டும் போடுங்கள்.