செவர்லே 350 இன்ஜின்: போரைக் (சிலிண்டர் விட்டம்) கூட்டவா, ஸ்ட்ரோக்கைக் (பிஸ்டன் ஓடும் தூரம்) கூட்டவா?

கேள்வி:
செவர்லே 350 கன இன்ச் இன்ஜின் பிளாக், இரண்டு துண்டு ரியர் சீல் (கிராங்கின் பின்முனை ஆயில் சீல்). சிலிண்டர் சுவர் தேய்ந்ததால் ரீபோர் (துளையைப் பெரிதாகக் கடைவது) கட்டாயம். 0.060 இன்ச் போட்டு பழைய 3.48 இன்ச் ஸ்ட்ரோக் கிராங்கையே வைக்கலாமா, 0.030 போட்டு 3.75 கிராங்க் இறக்கி 383 கன இன்ச் ஆக்கலாமா? ரோட்டு வண்டி, ஆட்டோ கியர், 64 சிசி எரி அறை உள்ள இரும்பு ஹெட். ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைப்பது) 5.7 இன்ச்சா, 6.0ஆ?

பதில் 1:
0.060 போட்டால் கிடைப்பது 360 கன இன்ச்தான். அதற்காகச் சுவரை மெலியவிட்டால் சூடாகும்போது சிலிண்டர் வட்டம் கெடும், அடுத்த ரீபோருக்கும் இடமிருக்காது. 383 போங்கள். ரோட்டு வண்டிக்குக் குறைந்த ஆர்பிஎம்மில் டார்க்தான் (இழுவை) வேண்டும். ஆனால் 3.75 ஸ்ட்ரோக் 6000 ஆர்பிஎம்மில் ஓடும் பிஸ்டன் வேகத்தை, 3.48 ஸ்ட்ரோக் 6500 அருகில்தான் தொடும். கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) வாங்கும்போது இதை மறக்காதீர்கள்.

பதில் 2:
ராட் நீளத்தால் கொள்ளளவு மாறாது. 9.025 இன்ச் டெக்கில் (கிராங்க் மையத்திலிருந்து பிளாக் மேல்தளம் வரை) 5.7 ராடுக்கு 1.425 கம்ப்ரஷன் ஹைட் (பின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை) பிஸ்டன், 6.0க்கு 1.125. இரண்டிலும் பிஸ்டன் மேல்தளத்துக்கு 0.025 இன்ச் கீழேதான் நிற்கும். 6.0க்கான பல பிஸ்டன்களில் பின் துளை ஆயில் ரிங் பள்ளத்துக்குள் ஏறிவிடும், ரிங்கைத் தாங்க சப்போர்ட் ரெயில் போடணும். ரோட்டுக்கு 5.7 போதும்.

உண்மையான வேலை இடைவெளியில்தான். ராட் போல்ட் ஆயில் பேன் ரெயிலில் (பேன் பொருந்தும் பிளாக் விளிம்பு) இடிக்கும், சிலிண்டர் அடிவிளிம்பிலும் இடிக்கும். பேரிங் போட்டு கிராங்க், கேம், ராட் எல்லாம் ஒப்புக்கு மாட்டி, கையால் முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள். பிளாக்கோடு 0.060, கேமோடு 0.050 இன்ச்சாவது விடணும். குறைந்தால் கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ரெயிலை ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் ஜாக்கெட் திறந்துவிடும். கேமை இன்ஜின் ஓடப்போகும் இறுதி டைமிங்கில் வைத்துத்தான் பார்க்கணும், ஒரு பல் மாறினாலும் கணக்கு தப்பும்.

பதில் 3:
கம்ப்ரஷன் விகிதத்தை யாரும் சொல்லவில்லையே! டெக்கை 9.000க்கு இழைத்து, 0.041 கேஸ்கெட், 5 சிசி வால்வுப் பள்ளம் உள்ள ஃபிளாட் டாப் பிஸ்டன் போட்டால் 383ல் 64 சிசி ஹெட்டில் 11:1 தாண்டிவிடும். அதே ஹெட், அதே பிஸ்டன் அளவு 355ல் (0.030 ரீபோர், பழைய கிராங்க்) 10.3தான், ஸ்ட்ரோக் கூடினாலே விகிதம் ஏறும். பங்க் பெட்ரோலில் இரும்பு ஹெட் தட்டும் (எரிபொருள் தானாக வெடிக்கும்). தலையில் 18 சிசி குழி உள்ள டிஷ் பிஸ்டன் எடுங்கள், 9.6 வரும். டெக்கை இழைக்காமல் விட்டு விகிதத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள்: 0.066 இன்ச் குவென்ச்சில் (பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி) தட்டல் அதிகம்தான் ஆகும்.

இன்னொன்று, கிராங்க் எக்ஸ்டர்னல் பேலன்ஸா (சமநிலை எடை வெளிப் பாகங்களில் இருப்பதா) என்று வாங்கும்முன் கேளுங்கள். அப்படியென்றால் செவர்லே 400 இன்ஜினுக்கான டாம்பரும் (கிராங்க் முன்முனைச் சக்கரம்) ஃப்ளெக்ஸ்பிளேட்டும் (ஆட்டோ கியரோடு இணைக்கும் பின்முனைத் தட்டு) வேண்டும். பழைய 350 டாம்பரை மாட்டினால் அதிர்வில் மெயின் பேரிங் போய்விடும்.