17க்யூ21 ஆஸ்துமா அலீல்: எந்த ஜீனை, எந்தச் செல்லில் அளப்பது?

மருதம் கேட்டது:
மூச்சுக்குழல் எபிதீலியல் செல்களைக் காற்று–திரவ இடைமுகத்தில் 28 நாள் வளர்த்து அளக்கிறோம். 17க்யூ21-இல் (17-ஆம் குரோமோசோமில் ஆஸ்துமாவோடு தொடர்புள்ள இடம்) ஆபத்து அலீல் (ஆஸ்துமா வாய்ப்பைக் கூட்டும் வடிவம்) இரண்டு உள்ளவர்களையும் ஒன்றுமே இல்லாதவர்களையும் ஒப்பிட்டால், அங்குள்ள ஓஆர்எம்டிஎல்3 ஜீனின் ஆர்என்ஏ அளவில் வேறுபாடு இல்லை. அதே இடத்து ஜிஎஸ்டிஎம்பி ஜீனில் லேசாகத்தான் இருக்கிறது. ஐஎல்-13 (அழற்சிச் சமிக்ஞைப் புரதம்) கொடுத்தும் பயனில்லை. ஆர்எஸ்12936231 என்ற எஸ்என்பி (ஒற்றை எழுத்து மாற்றம்) உள்ள டிஎன்ஏ துண்டை லூசிஃபெரேஸ் (ஒளி தரும் என்சைம்) பிளாஸ்மிடில் வைத்தாலும் இரு அலீலும் ஒரே அளவு ஒளிதான். இந்த எஸ்என்பி, உண்மையான காரணத்தோடு சேர்ந்து வரும் வெறும் பயணிதானா?

முகிலி:
அந்த முடிவுக்குப் போகாதீர்கள். 2007-இல் இந்த இடத்தை ஓஆர்எம்டிஎல்3-உடன் சேர்த்த அளவீடு, ஈபிவி வைரஸால் நிலைப்படுத்திய பி செல் வரிசைகளில் எடுத்தது. ரத்த வெள்ளணுக்களில் தெரியும் ஓஆர்எம்டிஎல்3 வேறுபாட்டை எபிதீலியத்தில் எதிர்பார்க்கக் கூடாது. அங்கே ஜிஎஸ்டிஎம்பி-தான் முன்னால் நிற்கிறது.

லூசிஃபெரேஸ் சோதனை இந்த எஸ்என்பி-க்குப் பொருந்தவே பொருந்தாது. ஆர்எஸ்12936231 இருப்பது இசட்பிபிபி2 ஜீனுக்குள், ஓஆர்எம்டிஎல்3 புரோமோட்டரிலிருந்து (ஜீனைத் தொடங்கிவைக்கும் பகுதி) சுமார் 50 கிலோபேஸ் தள்ளி. ஆபத்து அலீலில் சிடிசிஎஃப் (டிஎன்ஏ வளைவுகளுக்கு எல்லை போடும் புரதம்) அங்கே ஒட்டுவது குலைகிறது. அப்போது அதற்கு அப்பால் உள்ள என்ஹான்சர்கள் (ஜீனைத் தொலைவிலிருந்து தூண்டும் டிஎன்ஏ பகுதிகள்) சிடி4 டி செல்லில் ஓஆர்எம்டிஎல்3 புரோமோட்டரைத் தொடுகின்றன. பிளாஸ்மிடில் அந்தத் தொலைவும் இல்லை, வளைவும் இல்லை. சிடி4 செல்லில் 4சி (டிஎன்ஏ-வின் எந்தப் பகுதிகள் தொட்டுக்கொள்கின்றன என்று காட்டும் சோதனை) செய்யுங்கள். ஹெட்டரோசைகஸ் (இரு அலீலும் ஒவ்வொன்று உள்ள) மாதிரி கிடைத்தால் சிடிசிஎஃப் சிப் (அந்தப் புரதம் ஒட்டிய டிஎன்ஏ-வைப் பிரித்தெடுப்பது) செய்து, இரு அலீலின் ரீடுகளையும் (வரிசைப்படுத்திய துண்டுகள்) எண்ணிப் பாருங்கள்.

கார்முகில்:
ஜிஎஸ்டிஎம்பி-க்கான பிசிஆர் பிரைமர் எந்த எக்ஸானில் (முதிர்ந்த ஆர்என்ஏ-வில் மிஞ்சும் ஜீன் துண்டு) இருக்கிறது?

மருதம்:
9, 10. மொத்த அளவுக்காக வைத்தது.

கார்முகில்:
அங்கேதான் சிக்கல். அருகிலுள்ள ஆர்எஸ்11078928-இன் பாதுகாப்பு அலீல் 'சி', எக்ஸான் 6-இன் ஸ்ப்ளைஸ் இடத்தை (ஆர்என்ஏ-வை வெட்டி இணைக்கும் இடம்) கெடுக்கிறது. அந்த எக்ஸான் விட்டுப்போனால் 13 அமினோ அமிலங்கள் குறையும். புரதம் செல் சவ்வைத் துளைத்து பைரோப்டோசிஸ் (அழற்சியோடு செல் வெடித்துச் சாவது) உண்டாக்கும் திறனை இழக்கும். உங்கள் பிரைமர் செயல்படும் வடிவத்தையும் செயலற்றதையும் ஒன்றாகக் கூட்டிவிடுகிறது.

ஃபார்வர்ட் பிரைமரை எக்ஸான் 5-இலும் ரிவர்ஸை 8-இலும் வையுங்கள். எக்ஸான் 6 போனால் 39 பேஸ் குறையும், 7 மட்டும் போனால் 27, இரண்டும் போனால் 66. 39-க்கும் 27-க்கும் இடையே 12 பேஸ்தான். சாதாரண அகரோஸில் இரண்டும் ஒரே பட்டையாகத் தெரியும். ஒரு பிரைமருக்கு ஃப்ளோரசன்ட் சாயம் சேர்த்துக் கேபிலரி எலக்ட்ரோஃபோரெசிஸில் ஓட்டுங்கள். எக்ஸான் 7 இல்லாவிட்டாலும் 6 இருந்தால் அது செயல்படும் வடிவம்தான். கணக்கில் அதையும் சேருங்கள்.

முகிலி:
தூண்டலையும் மாற்றுங்கள். ஜிஎஸ்டிஎம்பி-யை ஏற்றுவது இன்டர்ஃபெரான். 17க்யூ21-க்கும் குழந்தைப்பருவ ஆஸ்துமாவுக்கும் உள்ள தொடர்பு, சிறுவயதில் ரைனோவைரஸால் வீசிங் வந்த குழந்தைகளிடம்தான் வலுவாகத் தெரிகிறது. ஆகவே ரைனோவைரஸ் அல்லது இன்டர்ஃபெரான்-காமா கொடுத்துப் பாருங்கள்.

இளவேனில்:
டி செல்லில் ஓஆர்எம்டிஎல்3-ஐ அலீல்வாரியாக அளக்க இன்ட்ரான் (எக்ஸான்களுக்கு இடையிலுள்ள, வெட்டி நீக்கப்படும் பகுதி) எஸ்என்பி-யைப் பயன்படுத்தினால், ஆர்என்ஏ மாதிரிக்கு டிஎன்ஏஸ் (டிஎன்ஏ-வைச் சிதைக்கும் என்சைம்) சிகிச்சையை விடாதீர்கள். மிச்சமிருக்கும் ஜீனோமிக் டிஎன்ஏ விகிதத்தை 50:50 பக்கம் இழுத்துவிடும். உண்மையான வேறுபாடு மறைந்துபோகும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாய் ஒன்று ஒவ்வொரு மாதிரிக்கும் வேண்டும். அதே நபரின் டிஎன்ஏ-விலும் அதே இரு ப்ரோபையும் (ஒவ்வொரு அலீலையும் கண்டறியும் டிஎன்ஏ துண்டு) ஓட்டி, வரும் விகிதத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். இரு ப்ரோபும் ஒரே திறனில் ஒட்டுவது அபூர்வம்.