அப்பத்தாவுக்கு அழகரைக் காட்ட வி.ஆர். ஹெட்செட் சரிவருமா?

செல்லூர்க்காரன்:
எங்கள் அப்பத்தாவுக்கு 79 வயது. மூட்டுவலியால் மூன்று வருடமாக வாசற்படி தாண்டவில்லை. வைகை ஆறு கூப்பிடு தூரத்தில் இருந்தும் அழகர் இறங்குவதை டிவியில் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று ஒவ்வொரு சித்திரையிலும் கண் கலங்குகிறார். சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து வி.ஆர். ஹெட்செட் (கண்ணில் மாட்டினால் அந்த இடத்திலேயே இருப்பதுபோல் காட்டும் கருவி) வாங்கி வரட்டுமா என்கிறான். நான் ஒரு தடவை பொருட்காட்சியில் அதை மாட்டி ரோலர் கோஸ்டர் பார்த்து இரண்டே நிமிடத்தில் குமட்டிவிட்டது. எனக்கே இப்படி என்றால் அவருக்கு? போனைச் செருகுகிற அட்டைப்பெட்டி விலை குறைவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

வில்லாபுரம் வாசி:
அட்டைப்பெட்டி, கூகுள் 2014-ல் கொண்டுவந்த கார்ட்போர்டு வகை. இரண்டு லென்ஸ், உங்கள் போன், அவ்வளவுதான். தலையைத் திருப்பினால் படமும் திரும்பும், ஆனால் ஓர் அடி நகர்ந்தாலோ குனிந்தாலோ அதற்குத் தெரியாது. மெட்டா குவெஸ்ட் மாதிரி தனியாக இயங்கும் ஹெட்செட்டில் வெளிப்பக்கம் கேமராக்கள் உண்டு, அவை சுவரையும் தரையையும் பார்த்து நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும், அதனால் குனிந்தால் மேசைக்கு அடியில்கூடத் தெரியும்.

குமட்டலுக்குக் காரணம், கண் ஓடுகிறோம் என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது. புதிதாகப் போடுபவருக்கு ரோலர் கோஸ்டரைக் காட்டவே கூடாது அண்ணே. கேமரா ஒரே இடத்தில் நின்று எடுத்த, சுற்றிலும் திரும்பிப் பார்க்கக்கூடிய 360 டிகிரி வீடியோவாக இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு வராது. ஆனாலும் அட்டைப்பெட்டி வேண்டாம், கையிலேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், பாவம்.

மேலூர் டீச்சர்:
விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தீக்காயக் கட்டு மாற்றும்போது நோயாளியின் கவனத்தை வலியிலிருந்து திருப்ப, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1990-களிலேயே வி.ஆரைப் பயன்படுத்தத் தொடங்கி, பின்னர் பனி உலகம் ஒன்றையும் அதில் காட்டியிருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் குவெஸ்ட் 2 வாங்கித் தந்தார். இதயப் பாடம் நடத்தியபோது ஒரு பையன் வால்வுக்கு எதிரே நின்று, "டீச்சர், கதவு மூடுது, கதவு மூடுது" என்று கத்தினான். கரும்பலகையில் எத்தனை வருடம் வரைந்திருப்பேன், அந்தச் சொல் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஒரு நாள் அதை ஜன்னலோரம் வைத்துவிட்டேன். லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துத் திரையில் மஞ்சள் புள்ளி விழுந்துவிட்டது, இன்னும் போகவில்லை. பத்து நிமிடம்கூட வெயிலில் வைக்காதீர்கள்.

ஆரப்பாளையம் தம்பி:
எங்கள் அம்மாவுக்கு நானே திருவிழாவை 360 டிகிரி வீடியோ எடுத்து ஹெட்செட்டில் காட்டினேன். 360 கேமராவில் முன்னும் பின்னும் இரண்டு மீன்கண் லென்ஸ், அதாவது மிக அகலமாகப் பார்க்கும் லென்ஸ். குச்சியில் மாட்டி, நிற்கிற ஆளின் கண் உயரத்தில் வையுங்கள், அதற்கு மேலே தூக்கினால் பார்ப்பவருக்கு அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும். ஆற்றில் எடுத்தது வீணாகிவிட்டது, தண்ணீர் பீய்ச்சியதில் ஒரு துளி லென்ஸில் நின்று பாதி வானத்தை மறைத்துவிட்டது. கீழமாசி வீதியில் தேர் வந்தபோது எடுத்தது அருமையாக வந்தது. அம்மா தேரைக் கும்பிட்டுவிட்டு மெல்லப் பின்னால் திரும்பி, "அந்த வளையல் கடை இன்னும் இருக்காடா" என்றார். டிவியில் தேரை மட்டும்தானே காட்டுவார்கள்!

கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வையுங்கள், சுழல் நாற்காலி வேண்டாம். குவெஸ்ட் 3 அரை கிலோவுக்கு மேல், கழுத்து வலிக்கும், முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். அடியில் இருக்கும் சக்கரத்தைத் திருகி லென்ஸ் இடைவெளியை அவர் கண்ணுக்குச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் மங்கலாகத் தெரிவதைச் சொல்லாமலே பேசாமல் இருந்துவிடுவார். கண் ஆபரேஷன் ஆகியிருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செல்லூர்க்காரன்:
ரொம்ப நன்றி. சித்தப்பா மகனிடம் ஹெட்செட் வாங்கி வரச் சொல்லிவிட்டேன். கேமராவை இந்த வருடம் வாடகைக்கு எடுத்து, தண்ணீர் படாத இடமாகப் பார்த்துக் கரைமேல் நிற்கப்போகிறேன். அப்பத்தா எப்போதும் நிற்கிற இடம் எதுவென்று இன்று ராத்திரி அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.