தேங்காய் எண்ணெயில் சிக்கு வாடை: யார் மூக்கை நம்புவது?

செக்கு_காங்கேயம்
வணக்கமுங்க. ரெண்டு களத்துக் கொப்பரையைத் தனித்தனியா ஆட்டி வெச்சிருக்குது. மில்லுல இருக்கறவங்க மோந்து பார்த்தா ரெண்டு எண்ணெயும் ஒரே மாதிரிதான் தெரியுது. ஈரோட்டுக் கடைக்காரரு ரெண்டாவது டின்னுல லேசா சிக்கு வாடை அடிக்குதுங்கறாரு. லேப்ல பெராக்சைடு அளவு (எண்ணெய் கெட்டிருக்கான்னு காட்டற ஒரு அளவு) சரியாத்தான் வந்திருக்குது. இதை முறையாச் சோதிக்க வழி இருக்குதுங்களா?

மணம்_கோவை
இருக்குதுங்க. முதல்ல, மில்லுக்குள்ளயே நாளெல்லாம் நிக்கறவங்க மூக்கை இதுக்கு வெக்காதீங்க. ஒரே வாசம் விடாம பட்டா சில நிமிசத்துலயே மூக்கு அதுக்குப் பழகிரும். வெளிய வந்தும் கொஞ்ச நேரம் மந்தமாத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது முக்கோணச் சோதனை. எண்ணெய் தொழிலுக்கு வெளிய இருக்கற 12 பேரைக் கூப்பிடுங்க. ஆளுக்கு மூணு கண்ணாடிக் கிண்ணம். ரெண்டுல ஒரே எண்ணெய், ஒண்ணுல மத்தது. எது வேறன்னு மட்டும் கேளுங்க. எது கெட்டதுன்னு கேக்காதீங்க, அந்தக் கேள்வியே பதிலை இழுத்துரும்.

முதல் களம் அ, ரெண்டாவது ஆ-ன்னு வெச்சுக்கங்க. அஅஆ, அஆஅ, ஆஅஅ, ஆஆஅ, ஆஅஆ, அஆஆ-ன்னு ஆறு வரிசை வரும். ஒவ்வொரு வரிசையும் ரெண்டு பேருக்கு. கிண்ணத்துக்கு 15 மி.லி. ஊத்தினா, எண்ணெய்க்கு 270 மி.லி. ஆகும், 300 எடுத்து வெச்சுக்கங்க. கிண்ணத்து மேல மூணு இலக்க எண் ஏதாச்சும் எழுதுங்க. 1, 2, 3-ன்னு எழுதினா ஆளுங்க நடுவுல இருக்கறதையே எடுக்கப் பார்ப்பாங்க.

சூட்டுலதான் பாதிப்பேர் கோட்டை விடறாங்க. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்குல உறைஞ்சிரும், உறைஞ்சா வாசம் மேல எழும்பாது. ஒரு கிண்ணம் சூடாவும் ஒண்ணு ஆறியும் இருந்தா, ஆளுங்க சூட்டைத்தான் கண்டுபிடிப்பாங்க, வாடையை இல்லீங்க. எல்லாத்தையும் 40 டிகிரி வெந்நீர்த் தட்டுல வெச்சு மூடி போட்டு, மூக்குக்கிட்டக் கொண்டுபோகும்போது மட்டும் திறங்க. நிறம் காட்டிக் கொடுக்காம வெளிப்பக்கம் அலுமினியத் தாள் சுத்துங்க. பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டவே வேண்டாம், அதுக்கே ஒரு வாடை உண்டு.

12 பேர்ல 8 பேர் சரியாச் சொன்னாத்தான் வித்தியாசம் உண்டுன்னு எடுத்துக்கலாம். 7 பேர் போதாது: குத்துமதிப்பா சொல்லியே 7 இல்லீன்னா அதுக்கு மேல வரதுக்கு நூத்துல ஆறேழு தடவை வாய்ப்பு இருக்குது. 24 பேர்னா 13 வேணும்.

நுகர்வியல்_பொள்ளாச்சி
மேல சொன்னது அத்தனையும் சரிங்க. ஆள் தேர்வுல ஒண்ணு சேர்த்துக்கறேன். லிண்டா பக், ரிச்சர்டு ஆக்ஸல்-ங்கற ரெண்டு விஞ்ஞானிகளும் 1991-ல வாசனை ஏற்பிகளோட (மூக்குக்குள்ள வாசத்தைப் புடிக்கற புரதங்க) மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடிச்சாங்க; 2004-ல நோபல் கிடைச்சுது. மனுசனுக்கு வேலை செய்யற ஏற்பி வகை சுமார் 400. அதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறபடும். ஆண்ட்ரோஸ்டினோன்-ங்கற பொருள் சிலருக்கு மூத்திர நாத்தமா அடிக்கும், சிலருக்கு இனிப்பா மணக்கும், சிலருக்கு ஒண்ணுமே தெரியாது. அதனால கடைக்காரர் மூக்குக்குத் தட்டுப்படற வாடை உங்களுக்குத் தெரியாமப் போறதுல அதிசயம் இல்லீங்க. ஒத்தை ஆள் தீர்ப்பை, அவர் எவ்வளவு அனுபவசாலியா இருந்தாலும், எடுத்துக்காதீங்க.

அன்னிக்கு யாரும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வெச்சுட்டு வரக்கூடாது. மல்லிப்பூ, சென்ட், வெத்தலையும் கூடாது. சளி இருந்தா அந்த ஆளை விட்டுருங்க.

செக்கு_காங்கேயம்
ரொம்ப நன்றிங்க. ஒரு கிண்ணத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல காபிக்கொட்டை மோந்தா மூக்கு தெளியுங்களா? பெராக்சைடு ஏன் காட்டிக் கொடுக்கல?

மணம்_கோவை
காபிக்கொட்டை வெறும் காத்தைவிட ஒண்ணும் கூடுதலா செய்யறதில்லைன்னு 2011-ல சோதிச்சே பார்த்திருக்காங்க. வெளிக்காத்துல அரை நிமிசம் நிக்கச் சொல்லுங்க, போதும்.

பெராக்சைடு காட்டறது ஆக்சிஜன் சேர்ந்து வர்ற கெடுதலை. தேங்காய் எண்ணெய்ல கிட்டத்தட்ட 90 சதம் நிறைவுற்ற கொழுப்பு, அதனால பெராக்சைடு அளவு சுலபத்துல ஏறாது. ஈரக் கொப்பரைல பூஞ்சணம் புடிச்சா மெத்தில் கீட்டோன்கள் உண்டாகும். சிக்கு வாடைக்கு அது ஒரு காரணம். கொழுப்பு பிரிஞ்சு லாரிக் அமிலம் தனியா நின்னா சோப்பு மாதிரி ருசி வரும். இதைப் பார்க்க லேப்ல தனிக் கொழுப்பு அமில அளவைக் கேளுங்க. கீட்டோனை அதுவும் காட்டாது, மூக்குதான் காட்டும்.

12 பேர்ல 8 வந்துட்டா, ரெண்டாவது களத்துக் கொப்பரைல நாலஞ்சை உடைச்சு உள்பக்கம் பாருங்க. பச்சையாவோ கறுப்பாவோ பூத்திருந்தா அதை ஆட்டாம ஒதுக்கிருங்க. அடுத்த லோடுக்கு ஈரப்பதம் 6 சதத்துக்கு மேல இருந்தா இன்னும் காயப் போடச் சொல்லுங்க.