மெட்டபாலிக் சிண்ட்ரோமுக்குத் தமிழ், நாளை மாலைக்குள்

அன்புள்ள குழுவினருக்கு,
மாணவர்களுக்கான பாடக்குறிப்பு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை கொடுத்தாக வேண்டும். தலைப்பு இப்படி வந்து நிற்கிறது: ‘வளர்சிதைமாற்ற நோய்க்குறித்தொகுப்பிலிருந்து காக்கும் தாவரவழி வேதிச்சேர்மங்கள்’. படித்து முடிப்பதற்குள் ரத்த அழுத்தம் ஏறிவிடும். சுருக்கித் தாருங்கள்.

---

நீளம் கிடக்கட்டும் ஐயா, ‘தாவரம்’ தமிழா? ‘ஸ்தாவரம்’, அசையாதது என்னும் வடசொல். ‘நிலைத்திணை’ இருக்கிறதே! ‘சிண்ட்ரோம்’ கிரேக்கத்தில் கூடி ஓடுவது, ஆகவே ‘உடனோட்டம்’. ‘வளர்சிதை’யும் எனக்கு உறுத்தல்தான். வினைத்தொகையாக விரித்துப் பாருங்கள்: வளர்ந்த சிதை, வளர்கின்ற சிதை, வளரும் சிதை. சுடுகாடல்லவா எரிகிறது?

---

> சுடுகாடல்லவா எரிகிறது?

வளர்தலும் சிதைதலும் என்று உம்மை விரித்தால் தீ அணைந்துவிடும். இத்தனை ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஒரு மாணவரும் சுடுகாட்டுக்குப் போனதில்லை. உங்கள் சொற்களில் ஒன்று நிற்கிறது, ஒன்று ஓடுகிறது; பிள்ளைகள் எதைப் பிடிப்பார்கள்?

‘நோய்த்தொகை’ போதும். இடுப்புச் சுற்றளவு, டிரைகிளிசரைடு எனும் ரத்தக் கொழுப்பு, நல்ல கொழுப்பு, ரத்த அழுத்தம், வெறும்வயிற்றுச் சர்க்கரை என்ற 5இல் 3 கெட்டிருந்தால்தான் இந்தப் பெயரே. தொகை என்பது அதற்குப் பொருந்தித்தான் வருகிறது.

---

அம்மா சொன்ன ‘நோய்த்தொகை’ சரி. மருத்துவனாக எனக்கு இடிப்பது ‘காக்கும்’. சில செடிகளிலுள்ள பெர்பெரின், மஞ்சளிலுள்ள குர்குமின் போன்றவை சில ஆய்வுகளில் சர்க்கரையையும் டிரைகிளிசரைடையும் ஓரளவு குறைத்திருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு ‘காக்கும்’ என்று தலைப்பிலேயே அடித்துச் சொல்ல முடியாது.

‘தாவரவழி’யிலும் ஒரு சிக்கல். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் தாவரவழியா? கலேகா என்ற செடியிலுள்ள கலேஜின்தான் அதற்கு முன்மாதிரி. மாத்திரையில் இருப்பதோ ஆலையில் தயாராவது. செடியிலேயே இருப்பதைச் சொல்ல ‘தாவரச் சேர்மம்’ போதும். சேர்மம் என்றாலே வேதியியல்தானே, ‘வேதி’ எதற்கு?

---

சரி, ‘வளர்சிதைமாற்ற நோய்த்தொகையும் தாவரச் சேர்மங்களும்’ என்று அனுப்பிவிட்டேன். டாக்டர், ‘காக்கும்’ போய்விட்டது. உள்ளே ஓரிடத்தில் ‘உதவக்கூடும்’ என்று போட்டிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

---

‘நிலைத்திணை’யை அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டிருக்கலாம். அப்புறம், ஆளாளுக்கு ‘ரத்தம்’ என்று எழுதுகிறீர்களே, குருதிக்கு என்ன குறை? இதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.